காற்றுக்கு மறைவான கரை

படிகள் முடிகிற இடத்தில் மணல் கறுப்பாகத் தொடங்குகிறது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கினோம். காலை ஒன்பது மணிதான், அதற்குள்ளேயே மணலில் சூடு ஏறத் தொடங்கியிருந்தது. இரண்டு பக்கமும் பாறை மேடு, பின்னால் தென்னைகள், முன்னால் அலை என்று சொல்ல எதுவுமே இல்லாத கடல். ஓரத்தில் தண்ணீர் வந்து தொட்டுவிட்டுப் போகிற சத்தம்கூட, காது குடுத்துக் கேட்டால்தான் கேட்கும். எங்களுக்கு முன்னமே வந்திருந்தவர்கள் மூன்று நாலு பேர். ஒருத்தரும் சத்தமாகக் கதைக்கவில்லை.

இந்த இடத்துக்குப் பெயர் ஆன்ஸ் நுவார். பிரெஞ்சில் 'ஆன்ஸ்' என்றால் சின்னக் குடா, 'நுவார்' என்றால் கறுப்பு. கறுப்புக் குடா. இது இருப்பது மார்த்தினிக் தீவின் தென்மேற்கில், கரீபியன் கடலைப் பார்த்த கரையில்.

மார்த்தினிக் என்பது யாழ்ப்பாண மாவட்டத்தைவிடக் கொஞ்சம் பெரிய தீவு. 1,100 சதுர கிலோமீற்றருக்குச் சற்றுக் கூட. இருப்பது அமெரிக்கக் கண்டங்களுக்குப் பக்கத்தில் என்றாலும், அரசு பிரான்சினுடையது. பாரிசில் விமானம் ஏறினால் எட்டு மணித்தியாலத்துக்கு மேல் பறக்கவேணும், ஆனால் அது உள்நாட்டுப் பயணம். போன நாங்கள் மூன்று பேரும் பாரிசின் புறநகரில் வேலை செய்கிறவர்கள். பிரெஞ்சு அடையாள அட்டையைக் காட்டிவிட்டு ஏறினோம். ஏறத்தாழ 7,000 கிலோமீற்றர் தாண்டி இறங்கினபோதும் அதே யூரோ, அதே தபாற்கந்தோர்ப் பலகை. முதல் நாள் முழுக்க எங்களுக்கு இதுவே ஒரு மாதிரியாக இருந்தது.

ஆன்ஸ் நுவாருக்குப் பக்கத்துக் குடா ஆன்ஸ் டுஃபூர். நடுவில் ஒரு மேடு மட்டும். ஏறி இறங்கினால் சில நிமிட நடை. ஆனால் அங்கே மணல் வெள்ளை. எரிமலைப் பாறை நொறுங்கி வந்த மணல் கறுப்பாக இருக்கிறது, பவளமும் சிப்பியும் நொறுங்கி வந்தது வெளிறிப்போய் இருக்கிறது. ஒரு மேட்டின் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் மற்றது. சுற்றுலாக் கையேடுகள் எல்லாம் இதைத்தான் எழுதுகின்றன. 'அமைதியான', 'ஒதுக்கமான', 'கண்டுபிடிக்கப்படாத' என்ற சொற்களும் கட்டாயம் வரும்.

எங்களில் ஒருவர் மணலில் படுத்துக்கொண்டு கேட்டார்: "இப்பிடி ஒரு இடத்துக்கு என்ன வரலாறு இருக்கப்போகுது?"

அந்தக் கேள்விதான் இந்தக் கட்டுரை.

*

முதலில் அமைதி எங்கேயிருந்து வருகிறது என்று பார்ப்போம். அது காற்றின் வேலை.

எங்கட ஊரில் காற்றுக்குப் பெயர்கள் இருக்கின்றன. சோழகம் வீசுகிற மாதங்கள், வாடை வீசுகிற மாதங்கள் என்று கடலும் மாறும், தொழிலுக்குப் போகிற கரையும் மாறும். மார்த்தினிக்கில் அப்படியில்லை. ஆண்டின் பெரும்பகுதி காற்று கிழக்குப் பக்கத்திலிருந்தே வருகிறது. ஆபிரிக்காவுக்கும் அமெரிக்காவுக்கும் இடையில் அத்திலாந்திக்கைக் கடந்து, தடையே இல்லாமல் வருகிற காற்று. ஆகவே தீவின் கிழக்குக் கரை எப்போதும் அடி வாங்கும். அலை பெரிது, பாறை கூர். நடுவில் மலை. மலையைத் தாண்டி மேற்கே வந்தால் காற்று தணிந்துவிடும். அந்தப் பக்கத்தைத் தீவு மக்கள் 'கரீபியக் கரை' என்கிறார்கள், மற்றப் பக்கம் 'அத்திலாந்திக் கரை'.

பாய்க்கப்பல் காலத்தில் இந்த வித்தியாசம்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நங்கூரம் போட, சரக்கு இறக்க, கோட்டை கட்ட, நகரம் அமைக்க எல்லாம் காற்றுக்கு மறைவான பக்கம் வேணும். 1502 ஜூனில் கொலம்பஸ் தன் நான்காவது பயணத்தில் இறங்கியது இந்தப் பக்கத்துக் கார்பே என்ற இடத்தில் என்பார்கள். 1635 இல் பெலேன் தெஸ்னாம்புக் தலைமையில் வந்த பிரெஞ்சுக்காரர்கள் இதே கரையில்தான் சென் பியேர் என்ற குடியேற்றத்தைத் தொடங்கினார்கள். இன்றைய தலைநகர் ஃபோர்-டு-பிரான்சும் இதே கரையில்தான்.

அவர்கள் வந்தபோது தீவு வெறுமையாக இருக்கவில்லை. கலினாகோ மக்கள் இருந்தார்கள். ஐரோப்பியர் அவர்களைக் 'கரீப்' என்று அழைத்தார்கள், அந்தப் பெயர்தான் இன்று ஒரு முழுக் கடலுக்கும் பெயர். இருபது இருபத்தைந்து ஆண்டுகள் சண்டையும் சமாதானமுமாகப் போனது. முதலில் மேற்குக் கரை பிரெஞ்சுக்காரருக்கு, கிழக்குக் கரை கலினாகோவுக்கு என்று இருந்தது. பிறகு 1658 இல் நடந்த போரோடு கிழக்கும் போனது. 1660 இல் எழுதிய உடன்படிக்கை ஒன்று டொமினிக்கா, சென் வின்சென்ற் என்ற இரண்டு தீவுகளையும் கலினாகோவுக்கு என்று ஒதுக்கியது. மற்றத் தீவுகளில் அவர்களுக்கு இனி இடமில்லை என்பதுதான் அதன் மறுபக்கம்.

அவர்கள் விட்டுப் போனது ஒன்று இன்றும் கரையில் கிடக்கிறது. கோமியே என்ற மரத்தைக் குடைந்து செய்கிற வள்ளம். மரத்தின் பெயரே வள்ளத்தின் பெயரும். அந்த வழியில் வந்ததுதான் மார்த்தினிக்கின் பாய்வள்ளமான 'யோல்'. அதைப் பேணுகிற முயற்சியை யுனெஸ்கோ 2020 இல் தன் பட்டியலில் சேர்த்தது. வள்ளம் தங்கிவிட்டது, அதைச் செய்யக் கற்றுத் தந்த மக்களைத் தீவில் தங்க விடவில்லை.

*

ஆன்ஸ் டுஃபூரில் கரையை ஒட்டியே வீடுகள் இருக்கின்றன. வாசலில் வலை, கூரைத் தகரத்துக்குக் கீழே வள்ளத்து இயந்திரம், மணலில் இழுத்து வைத்த வள்ளங்கள். இந்தக் கரைப்பக்கத்து ஊர்களில் வலையை வள்ளத்தில் கொண்டுபோய் வளைத்துவிட்டு, இரண்டு முனையையும் கரையில் நின்று கூட்டமாக இழுக்கிற வழக்கம் உண்டு. எங்கட கரைவலையேதான், பெயர் மட்டும் வேறு.

இவ்வளவு அழகான கடற்கரையில் எப்படிப் பெரிய ஹோட்டல் இல்லாமல், மீனவர் வீடுகள் மிஞ்சின? இதற்குப் பின்னால் ஒரு பழைய சட்டம் இருக்கிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சு அரசு, தீவுகளின் கரையோரம் ஐம்பது 'பாகம்' அகலமான நிலத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டது. 'அரசரின் ஐம்பது பாகம்' என்று பெயர். இன்றைய அளவில் 81.20 மீற்றர். காவலுக்கும் கப்பல் தேவைக்கும் என்று ஒதுக்கிய நிலம். அதற்கு உள்ளே இருந்த நல்ல நிலம் எல்லாம் கரும்புத் தோட்டக்காரரின் கைக்குப் போய்விட்டது.

அடிமைமுறை முடிந்த பிறகு, நிலமே இல்லாமல் விடுதலையான கனபேர் வந்து ஒதுங்கினது இந்தத் துண்டு நிலத்தில்தான். அரசு நிலம், துரத்த உடனடியாக ஒரு முதலாளி இல்லை, முன்னால் கடல். மீன் பிடித்துப் பிழைக்கலாம். இன்று நாங்கள் போய் மணலில் துவாயை விரித்துப் படுக்க முடிகிறதென்றால், அதற்கும் இந்த ஐம்பது பாகம்தான் காரணம். அந்த நிலத்தில் கனபகுதி இப்போதும் பொதுச் சொத்துத்தான்.

ஆக, முதல் பாடம்: 'கண்டுபிடிக்கப்படாத' கரை என்று ஒன்று இல்லை. இருக்க வேறு இடம் இல்லாதவர்கள் அதை எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள்.

*

இனிச் சொல்லப்போவது இந்த அமைதியின் மற்ற முகம்.

கரும்பு வந்ததும் ஆட்கள் தேவைப்பட்டார்கள். ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுவந்தார்கள். மார்த்தினிக்கில் மட்டும் உயிரோடு இறக்கப்பட்டவர்கள் இரண்டு இலட்சத்துக்கும் மேல் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு. 1685 இல் பிரெஞ்சு அரசு இதற்கென்றே ஒரு சட்டக்கோவை எழுதியது. 'கறுப்புச் சட்டம்' என்று அறியப்படுகிற அது, மனிதர்களை அசையும் சொத்து என்று வரையறுத்தது.

இங்கே நாங்கள் ஒரு நிமிடம் நிற்கவேணும். ஆபிரிக்கக் கரையில் மனிதர்களை வாங்க ஐரோப்பியக் கப்பல்கள் என்ன கொண்டுபோயின? துப்பாக்கி, சாராயம், இரும்பு என்று பள்ளிக்கூடப் புத்தகத்தில் படித்திருப்போம். ஆனால் அந்தச் சரக்கில் பெரிய பங்கு துணி. அதிலும் கனக்க இந்தியாவில் நெய்தது. புதுச்சேரிப் பக்கத்து நீலத் துணிக்குப் பிரெஞ்சு வணிகர் வைத்த பெயரே 'கினே', அதாவது ஆபிரிக்காவின் கினி கரைக்குப் போகிற துணி. சோழமண்டலக் கரையில் தறியில் இருந்த நெசவாளிக்குத் தன் துணி எதற்கு விலையாகப் போகிறது என்று தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் தமிழருக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள தொடர்பு, ஒரு தமிழர் கால்வைக்க முன்னமே, இப்படித்தான் தொடங்குகிறது. 'நாங்கள் எல்லாக் கடலையும் தாண்டினோம்' என்று பெருமை பேசுகிற கட்டுரைகளில் இந்தப் பகுதியைக் காணக் கிடைப்பதில்லை.

1818 இல் பிரான்ஸ் சட்டம் போட்டு அடிமை வணிகத்தைத் தடை செய்தது. கவனியுங்கள், அடிமைமுறையை அல்ல. தோட்டத்தில் அடிமை வைத்திருக்கலாம், கடல் தாண்டிப் புதிதாகக் கொண்டுவரத்தான் கூடாது. தோட்டக்காரருக்கோ ஆள் தேவை குறையவில்லை. விளைவு, கள்ளக் கடத்தல். பெயர் அழித்த கப்பல்கள் இரவில், துறைமுகத்துக்கு வராமல், ஒதுக்கமான கரைகளைத் தேடி வந்தன.

எங்களை இங்கே வரவைத்த குணங்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். நகரத்துக்குத் தூரம். றோட்டிலிருந்து பார்த்தால் தெரியாது. இரண்டு பக்கமும் மேடு. கடல் அமைதி, வள்ளம் கரையைத் தொடலாம். கடத்தல்காரர் தேடியதும் அதையேதான். எந்தெந்தக் குடாவில் எத்தனை இரவு என்று கணக்கு இல்லை. கணக்கு இருக்கக்கூடாது என்பதற்காகத்தானே அப்படி வந்தார்கள்.

தமிழில் 'மறைவு' என்ற சொல்லுக்குக் காற்றுக்கு ஒதுக்கம் என்றும் வரும், கண்ணில் படாமை என்றும் வரும், இறப்பு என்றும் வரும். அந்தக் கரையில் நின்றபோது மூன்றும் ஒரே சொல்லாக ஏன் இருக்கிறது என்று எங்களுக்கு விளங்கியது.

*

ஒரே ஓர் இரவு மட்டும் பதிவில் இருக்கிறது, ஏனென்றால் அன்று பிழைத்துப்போனது.

ஆன்ஸ் டுஃபூரிலிருந்து காரில் தெற்கே போனோம். வழியில் தார்லே ஊர், கடலைப் பார்த்தபடி தேவாலயம். பிறகு றோட்டு மோர்ன் லார்ஷே என்ற மலையைச் சுற்றி ஏறி இறங்குகிறது. தூரத்திலிருந்து பார்த்தால் படுத்திருக்கும் பெண்ணைப்போல இருக்கும் மலை. இறங்கினதும் கடலுக்குள் தனியே நிமிர்ந்து நிற்கிற ஒரு பாறை தெரியும். 175 மீற்றர் உயரம். வைரப் பாறை என்பது பெயர். 1804 இல் பிரித்தானியக் கடற்படை அதன்மேல் பீரங்கிகளை ஏற்றி, அதைத் தன் கப்பல்களில் ஒன்றாகவே பதிவு செய்து, 1805 ஜூன் வரை பிரெஞ்சுக்காரரைத் தொல்லைப்படுத்தியது. அதற்கு நேரே உள்ள கரைதான் ஆன்ஸ் கஃபார். இதுவும் பெயரில் ஒரு குடாத்தான். ஆனால் இங்கே மறைவு கிடையாது. பாறையும் நீரோட்டமும்.

1830 ஏப்ரல் 8. பகலில் ஒரு பாய்க்கப்பல் வைரப் பாறைப் பக்கம் தடுமாறிக்கொண்டிருந்ததைக் கரையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். மாலையில் அது ஆபத்தான இடத்தில் நங்கூரம் போட்டது. இரவு பதினொரு மணியளவில் நங்கூரம் தாங்கவில்லை. கப்பல் பாறையில் மோதி உடைந்தது. அலறல் கேட்டு ஓடிவந்து தண்ணீரில் இறங்கி ஆட்களை இழுத்தெடுத்தவர்களில் பக்கத்துத் தோட்டத்து அடிமைகளும் இருந்தார்கள்.

கப்பலில் சுமார் 300 ஆபிரிக்கர் இருந்திருக்கலாம். உயிரோடு கரைசேர்ந்தவர்கள் 86 பேர். அவர்களில் பெண்களே அதிகம். ஆண்களைக் கப்பலின் அடியில் விலங்கிட்டுத்தான் கொண்டுவருவார்கள் என்பதை நினைத்தால் காரணம் விளங்கும். இறந்த மாலுமிகளை ஊர்ச் சேமக்காலையில் அடக்கம் செய்தார்கள். இறந்த ஆபிரிக்கரைக் கரைக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

கப்பலுக்குப் பெயர் இல்லை, எந்த நாட்டுக் கப்பல் என்பதும் இல்லை. அதைவிடச் சிக்கல், பிழைத்த 86 பேரும் யார் என்பது. சட்டப்படி அவர்களை அடிமைகளாக விற்கமுடியாது, ஏனென்றால் வந்த வழி குற்றம். விடுதலை செய்து தீவில் விடவும் நிர்வாகம் தயாரில்லை. சுதந்திரமான ஆபிரிக்கர் தோட்டத்து அடிமைகளின் கண்முன்னால் நடமாடுவதை எந்த முதலாளியும் விரும்பவில்லை. கடைசியில் அந்த ஜூலையில் அவர்களைத் தென்னமெரிக்கக் கரையிலிருந்த இன்னொரு பிரெஞ்சுக் குடியேற்றமான கயேனுக்கு ஏற்றி அனுப்பிவிட்டார்கள். மூழ்கிய கப்பலில் தப்பி, மூன்று மாதத்தில் இன்னொரு கப்பல். அடுத்த ஆண்டு, 1831 மார்ச்சில், பிரான்ஸ் தண்டனையைக் கடுமையாக்கிப் புதிய சட்டம் போட்டது. பிரெஞ்சுக் கொடியின் கள்ள வணிகம் அதோடு அடங்கத் தொடங்கியது.

இன்று அந்த இடத்தில் 15 சிலைகள் நிற்கின்றன. மார்த்தினிக்கின் சிற்பி லோரான் வலேர் 1998 இல், அடிமைமுறை ஒழிப்பின் 150ஆவது ஆண்டில் செய்தவை. இரண்டரை மீற்றர் உயரமான வெள்ளைக் கொங்கிறீட் உருவங்கள். தோள் தொய்ந்து, கை தொங்கி, தலை கவிழ்ந்து, முக்கோணமாக நின்று கடலைப் பார்க்கின்றன. படைப்பின் பெயர் 'காப் 110'. 110 பாகை என்பது திசை. அந்தக் கோட்டில் போனால் கினி வளைகுடா. வெள்ளை அந்தத் தீவுகளில் துக்கத்தின் நிறமும்தான். எங்களுக்கும் அப்படித்தானே.

நாங்கள் போன நேரம் ஒரு குடும்பம் சிலைகளுக்கு நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. சின்னப் பிள்ளை ஒன்று ஒரு சிலையின் காலைக் கட்டிப்பிடித்து அண்ணாந்து முகத்தைப் பார்க்க முயன்றது. கவிழ்ந்த முகத்தை அந்த உயரத்திலிருந்து பார்த்தால்தான் தெரியும். நின்று பார்க்கிற பெரியவர்களுக்குப் பாதிதான் தெரிகிறது.

*

1848 ஏப்ரல் 27 இல் பாரிஸ் அடிமைமுறையை ஒழிக்கும் ஆணையில் கையெழுத்திட்டது. ஆணையைச் சுமந்த கப்பல் மார்த்தினிக்குக்கு வந்துசேர முன்னமே, அங்கே கதை முடிந்துவிட்டது. மே 20 இல் சென் பியேர் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் ரொமேன் என்ற அடிமையைப் பறை அடித்ததற்காகப் பிடித்து அடைத்தார்கள். அவரை விடச்சொல்லிக் கூட்டம் திரண்டது. மே 22 இல் அது கிளர்ச்சியாக மாறியது. மே 23 இல் ஆளுநர் ஒழிப்பை அறிவித்தே ஆகவேண்டி வந்தது. இன்றும் தீவில் மே 22 பொது விடுமுறை. பாரிசின் கையெழுத்து நாளைவிட, தாங்கள் எழுந்த நாளைத்தான் அவர்கள் கொண்டாடுகிறார்கள்.

எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சுதந்திரம் பெற்றார்கள். நட்டஈடும் கொடுக்கப்பட்டது, ஆனால் அடிமைகளுக்கு இல்லை. 1849 இன் சட்டம் அதை முதலாளிகளுக்குக் கொடுத்தது.

விடுதலையானவர்கள் தோட்டத்தைவிட்டு வெளியேறினார்கள், அல்லது நியாயமான கூலி கேட்டார்கள். தோட்டக்காரருக்கு இரண்டும் பிடிக்கவில்லை. வேறு ஆள் தேடினார்கள். 1853 மே 6 இல் ஓரேலி என்ற கப்பல் சென் பியேரில் நங்கூரம் போட்டது. அதில் 300க்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர். புதுச்சேரி, காரைக்கால் வழியாக ஏற்றப்பட்டவர்கள். தமிழ் பேசியவர்கள் அவர்களில் பெரும்பகுதி.

அடுத்த முப்பது ஆண்டுகளில் மார்த்தினிக்குக்கு மட்டும் 25,000க்கும் மேல் ஆட்கள் இப்படி வந்தார்கள். ஐந்து ஆண்டு ஒப்பந்தம், முடிந்தால் திரும்பிப் போகலாம் என்ற வாக்கு. 1861 இல் பிரித்தானியாவும் பிரான்சும் உடன்படிக்கை செய்து, பிரித்தானிய இந்தியாவிலிருந்தும் ஆள் எடுக்க வழி திறந்தார்கள். இதே ஆண்டுகளில்தான் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து இன்னொரு கூட்டம் மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டுவழியே நடந்து, கண்டியின் கோப்பித் தோட்டங்களுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஒரே பஞ்சம், ஒரே மாதிரியான கங்காணிப் பேச்சு, வேறு வேறு கடல்.

மார்த்தினிக்கில் அவர்கள் அனுபவித்ததைக் கதைக்கும்போது இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேணும். அவர்களைக் கொண்டுவந்த நோக்கமே விடுதலையான கறுப்பின மக்களின் கூலியை ஏறவிடாமல் வைத்திருப்பதுதான். வந்தவர்களுக்கு அது தெரியாது, அங்கே இருந்தவர்களுக்கோ நன்றாகத் தெரியும். 'கூலி' என்ற சொல் கிரெயோல் மொழியில் வசையாக மாறியது. ஒரே தோட்டத்தில் ஒரே கரும்பை வெட்டிய இரண்டு கூட்டம் ஒன்றை ஒன்று வெறுக்கும்படி யாரோ கணக்குப் போட்டு வைத்திருந்தார்கள். மலையகத்தின் கதையைத் தெரிந்த எங்கட வாசகர்களுக்கு இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை.

அவர்கள் இறங்கிய சென் பியேர் இன்று பழைய நகரம் இல்லை. 1902 மே 8 காலை பெலே எரிமலை வெடித்து, சில நிமிடங்களில் நகரமே எரிந்துபோனது. சுமார் 28,000 பேர் இறந்தார்கள். ஆனால் தோட்டங்களுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இருந்தார்கள். குறிப்பாக வடக்கே பாஸ் புவான் பக்கம், மறைவே இல்லாத அத்திலாந்திக் கரையில். கவிஞர் எமே செசேர் 1913 இல் பிறந்த ஊரும் அதுதான். அங்கே இன்றும் மாரியம்மனுக்கும் மதுரைவீரனுக்கும் கிடாய் வெட்டிப் பூசை நடக்கிறது. மாரியம்மன் 'மாரியேமன்' ஆகியிருக்கிறாள், மதுரைவீரன் 'மால்தேவிலன்'. மத்தளம் 'மத்தலோன்'. மொழி போய்விட்டது, பூசையில் சொல்கிற சில சொற்கள் மட்டும் பொருள் தெரியாமலே வாயில் நிற்கின்றன. எழுதுவினைஞர் காதில் விழுந்தபடி எழுதிய முத்துசாமியும் ராமசாமியும் இன்று பிரெஞ்சுக் குடும்பப் பெயர்கள்.

ரொமேனின் பறையும் இந்த மத்தளமும் அடிக்கப்பட்டது ஒரே மண்ணில் என்பதை நாங்கள் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருந்தோம்.

*

தார்லேயில் ஒரு சின்னச் சாப்பாட்டுக் கடை. பலகையில் 'கொலொம்போ' என்று எழுதியிருந்தது. கோழியா ஆடா என்று கேட்டார் கடைக்கார அம்மா. மல்லி, சீரகம், வெந்தயம், கடுகு, மஞ்சள் எல்லாம் அரைத்த தூள். அதில் சமைத்த கறி. தீவின் தேசிய உணவு என்றே சொல்லலாம். இந்தியத் தொழிலாளரின் சமையலிலிருந்து வந்தது. பெயர் எங்கட கொழும்பிலிருந்து வந்தது என்கிறவர்கள் இருக்கிறார்கள், 'குழம்பு' என்ற சொல்தான் இப்படித் திரிந்தது என்கிறவர்களும் இருக்கிறார்கள்.

கொழும்பு எங்கட நாட்டில் ஒரு நகரம் என்று அம்மாவிடம் சொன்னோம். அவர் நம்பவில்லை. "அது தூளின் பெயர்" என்றார். கைத்தொலைபேசியில் வரைபடத்தைக் காட்டினோம். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இது இந்தியாவோ?" என்று கேட்டார். இல்லை, பக்கத்தில். "அப்ப நீங்கள் கூலியோ?" என்றார், வசையாக இல்லை, சும்மா அறிகிற ஆவலில். என்ன பதில் சொல்வது என்று நாங்கள் மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். கடைசியில் ஒருவர் சொன்னார்: "சொந்தக்காரர்." அம்மா சிரித்துக்கொண்டு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினார்.

*

திரும்பிப் போகிற நாளுக்கு முதல்நாள் பின்னேரம் மறுபடி அந்த இரண்டு குடாவுக்கும் போனோம். எங்களில் ஒருவர் கடலில் இறங்கமாட்டேன் என்றார். சிலைகளைப் பார்த்த பிறகு மனம் வரவில்லையாம். மற்றவர் அதை ஏற்கவில்லை. "இஞ்ச இருக்கிற சனம் ஒவ்வொரு நாளும் இந்தக் கடலிலதான் குளிக்குது, மீன் பிடிக்குது, பிள்ளையளை நீந்தப் பழக்குது. அவையைவிட எங்களுக்கு என்ன கூடத் துக்கம்?" வாக்குவாதம் முடியவில்லை. இரண்டு பேர் இறங்கினோம், ஒருவர் கரையில் இருந்தார்.

ஆன்ஸ் டுஃபூரில் கண்ணாடி போட்டுத் தலையைத் தண்ணீருக்குள் விட்டால், அடியில் கடற்புல் தெரியும். பச்சை ஆமைகள் மாடு மேய்கிற மாதிரி அதை மேய்ந்துகொண்டிருக்கும். 1993 முதல் மார்த்தினிக்கில் கடலாமைகளைப் பிடிப்பது முழுத் தடை, அதனால் ஆட்களைக் கண்டு பயப்படுவதில்லை. அந்தத் தீவைச் சுற்றி இப்போது பரவியிருக்கிற சின்ன இலைக் கடற்புல் ஒன்று அந்த ஊருடையது அல்ல. செங்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் வளர்கிற சாதி. 2002 இல் கிரெனடா தீவில்தான் கரீபியனில் முதன்முதலாகக் கண்டார்கள். வள்ளங்களோடு ஒட்டிக்கொண்டு வந்திருக்கவேணும் என்று கருதுகிறார்கள். உள்ளூர்ப் புல்லை அது நெருக்கித் தள்ளுகிறது என்ற கவலையும் இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் வந்து, இருந்ததைத் தள்ளி, இப்போது ஆமைக்குச் சாப்பாடாகவும் இருக்கிற ஒரு புல். இந்தத் தீவில் எதைத் தொட்டாலும் கதை இப்படித்தான் போகிறது.

மேலே வந்து மூச்சு எடுத்தபோது, கரையில் இருந்தவர் தனியே இல்லை. மீனவர் ஒருவர் பக்கத்தில் நின்று எதையோ காட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். வலை இழுக்க ஆள் காணாதாம். கடலில் இறங்கமாட்டேன் என்றவர் காற்சட்டையை முழங்காலுக்கு மேலே மடித்துக்கொண்டு கயிற்றைப் பிடித்திருந்தார். நாங்களும் ஏறிப்போய்ப் பிடித்தோம். முன்னால் நின்ற கிழவர் கிரெயோலில் ஏதோ சொல்லிச் சொல்லி இழுத்தார், எல்லாரும் அந்தச் சொல்லுக்கு ஒன்றாக இழுத்தார்கள். எங்களுக்குப் பொருள் தெரியாது. ஆனால் எந்த இடத்தில் இழுக்கவேணும் என்று விளங்கியது.

வலையில் பெரிதாக ஒன்றும் விழவில்லை. இருந்தும் ஆளுக்கு நாலு மீன் பிரித்துத் தந்தார்கள்.